நிற்க மறுத்த ஜீப்பும் விற்க மறுத்த நானும்

ஜீப்பை விற்றுவிடு என்று முதலில் சொன்னவன் என் தம்பி. அதையும் எங்கே உட்கார்ந்து சொன்னான்? என் அடுப்படியில், நான் வறுத்துப் போட்ட மீனைத் தின்றுகொண்டே சொன்னான். "வித்துடுக்கா. வயசும் ஆவுது, காலும் சரியில்ல. இன்னும் இன்னாத்துக்கு அத வெச்சிகினு அழுவுற?" என்றான். அழுததாக இவனிடம் யார் சொன்னது? அந்த ஜீப்பில் உட்கார்ந்து அதுவரை நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டது கிடையாது. என்னை அழவைத்தவர்கள் எல்லோரும் ஜீப்புக்கு வெளியே நின்றவர்கள்தான். தட்டில் இருந்த இன்னொரு மீன் துண்டை எடுத்து மூடி வைத்தேன். அவனுக்கு அது புரிந்தது.

நான் நர்ஸ். பிறந்தது நெல்லிக்குப்பத்தில், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாத குடும்பத்தில். கல்யாணம் பண்ணிக்கொண்டு நெய்வேலிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் திண்டுக்கல் பக்கம். மைன்ஸில் எலக்ட்ரிக்கல் பிரிவு. சைக்கிளில் போய் ஷிப்டு பஸ் பிடித்து, ஷிப்டு முடிந்து அதே சைக்கிளில் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ள ஆசையும் கிடையாது. நான் நாற்பது தாண்டிய பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு, நைட் டூட்டி பார்த்துச் சேர்த்த காசில் அந்தப் பழைய ஜீப்பை வாங்கியபோது எங்கள் பிளாக்கில் பேசாத வாய் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் இருக்கிறதே, கோயிலுக்குப் போக ஆட்டோ இருக்கிறதே, பொம்பளைக்கு ஜீப் எதற்கு என்றார்கள். ஓட்டுவதற்குத்தான். வேறெதற்கு?

அது சாதாரண ஜீப் இல்லை. ஏலத்தில் எடுத்த பழைய வண்டியின் முன்மூடிக்குள், எனக்கு முன்னால் வைத்திருந்தவன் வேறொரு பெரிய வண்டியின் டீசல் எஞ்சினைத் திணித்து வைத்திருந்தான். சின்ன ரவிக்கைக்குள் பெரிய உடம்பைத் திணித்த மாதிரி எல்லாப் பக்கமும் இறுக்கம். எஞ்சினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவரில் ஒரு தீப்பெட்டியைச் செருக இடம் இல்லை. ஆனால் ஓடும் பாருங்கள், அம்மாடி! மூன்றாவது கியரில் லேசாக மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஓட்டத்தைக் கூட்டியவன் நிறுத்தத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. பிரேக் மட்டும் அந்த வண்டி பிறந்தபோது இருந்த அதே பிரேக். முழு உடம்பையும் காலில் இறக்கினால்தான் நிற்கும். எனக்கு அப்போது கால் நன்றாக இருந்தது, மிதித்தேன், நின்றது.

பிறகு மாடு வந்தது. டூட்டிக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். டவுன்ஷிப் மாடுகளுக்குத் திமிர் அதிகம். நிழல் ரோடு, புல், விரட்ட ஆள் கிடையாது. மைன்ஸில் வேலை பர்மனன்ட் ஆன ஆள் நடக்கிற மாதிரி நடக்கும். அப்படி ஒன்று ரவுண்டானா பக்கத்தில் குறுக்கே வந்தது. வலது தொடை எலும்பு உடைந்து, உள்ளே பிளேட் வைத்து, பல மாதம் படுத்துக் கிடந்து எழுந்தேன். மாட்டுக்கு ஒரு கீறல் இல்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அதைத் தேடித் தேடி முறைக்கிறேன். கால் கூடியது, ஆனால் பழைய வலு வரவில்லை. நின்றால் ஸ்கூட்டரைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு ஸ்கூட்டர் போயிற்று. மிச்சம் இருந்தது ஜீப் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்கிறது. நம்மால் ஆகாத காரியம் எதுவாக இருந்தாலும் அது சம்பந்தப்பட்ட பொருளை அந்தப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவோம். மகளின் பரீட்சை ஹால் டிக்கெட், என் வீட்டுக்காரரின் புரமோஷன் இண்டர்வியூ கார்டு எல்லாம் அங்கே இருந்து வந்தவைதான். செருகிய பிறகு அது ஆண்டவர் பொறுப்பு. வைத்தவர்தான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. என் கால் உடைந்தபோது என் வீட்டுக்காரர் என் எக்ஸ்ரே படத்தை அங்கே வைத்தார். அது பெரிசு. ஆண்டவருக்கு இரண்டு பக்கமும் இறக்கை முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டு இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் என் தொடை எலும்பைப் பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தார்கள்.

கால் சரியான பிறகு ஜீப்பை எடுத்தேன். அப்போது ஒரு தந்திரம் பழகிக்கொண்டேன். பிரேக் போடும்போது வலது கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்து முழங்காலின் மேல் வைத்து அழுத்துவேன். காலோடு கையும் சேர்ந்து மிதிக்கும். வண்டி நிற்கும். இதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். நான் பிரேக் போடும்போதெல்லாம் அவர் வலது காலும் தரையில் கிடக்கும் ரப்பரை அழுத்தும். பழைய கன்வேயர் பெல்ட்டில் வெட்டிப் போட்ட ரப்பர் அது. அவர் பக்கம் மட்டும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. "அங்க பிரேக் இல்லீங்க," என்பேன். "தெரியும்," என்பார். அடுத்த தடவையும் அழுத்துவார்.

கரும்புக் காலத்தில் ஒரு நாள் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பண்ருட்டி தாண்டி நெல்லிக்குப்பம் போகிற ரோடு. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர். ஏற்றியிருந்த அழகைச் சொல்லி மாளாது, கரும்பெல்லாம் பின்பக்கம் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. டிராக்டர்காரர் யாரையோ பார்த்துப் பேச டக்கென்று நிறுத்தினார். நான் மிதித்தேன். கையை முழங்காலில் வைத்து அழுத்தினேன். எழுந்து நின்று அழுத்தினேன். "மாதாவே!" என்று கத்தினேன். ஜீப் நின்றது, ஆனால் கரும்புக் கட்டுக்குள் போய் நின்றது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த ஒரு கரும்பு என் வலது காதோரமாகச் சீட்டில் முட்டியது. தோடு கழன்று விழுந்தது. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிராக்டர்காரர் இறங்கி வந்து பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், "இன்னாம்மா, கரும்பு வேணும்னா கேட்டா குடுக்க மாட்டனா? அதுக்கு உள்ளியே வந்துடுவியா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை இன்னும் அங்கேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கையிலிருந்து சாவியை வாங்கினார். கோபமாகப் பிடுங்கவில்லை, கை நீட்டினார், நானும் நடுக்கத்தில் கொடுத்துவிட்டேன். நேரே கூடத்துக்குப் போய்ப் படத்துக்குப் பின்னால் வைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினார். "கையால கால அமுக்கிக்கிட்டு வண்டி ஓட்டுற. எத்தன நாளா?" என்று கேட்டார். அடுத்த நாளே தம்பி வந்து மீன் தின்றுகொண்டே விற்கச் சொன்னதும், விருத்தாசலத்தில் ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார், இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன் என்று மாமனிடம் பேசி முடித்ததும் ஒரே திட்டம்தான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வண்டி என் பேரில் இருக்கிறது. பேச்சு மட்டும் ஆம்பளைகள் இரண்டு பேருக்குள் நடந்தது.

ராத்திரி முழுக்க எரிச்சல். நிற்காதது ஜீப். தண்டனை எனக்கா? பல்லில் வலி என்றால் பல்லைப் பார்ப்பார்களா, ஆளையே சோறு தின்னக்கூடாது என்பார்களா? காலையில் காபி கொடுக்கும்போது முடிவு செய்துவிட்டேன். "விக்கிறதுக்கு முன்னாடி மெக்கானிக் ஒரு தடவ பாக்கட்டும்," என்றேன். கண்ணாடி போட வேண்டுமே என்று அவரும் தலையாட்டினார். சாவி ஆண்டவரிடம் இருந்தது. அதை நான் தொடவில்லை, வழக்கத்தை மீறவில்லை. ஜீப் வாசலில்தானே நின்றது? மந்தாரக்குப்பத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வந்து, ஸ்டீரிங்குக்கு அடியில் கையை விட்டு இரண்டு ஒயரைச் சேர்த்து ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கொண்டு போனார்.

அவரிடம் போய் நின்றேன். "இந்த வண்டி என் ஒத்தக் காலுக்கு நிக்கணும். கைய வெக்காம நிக்கணும். வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வரைக்கும்தான் டைம்," என்றேன்.

அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். பிரேக் விஷயம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. மிதியை அழுத்தினால் ஒரு சிலிண்டருக்குள் இருக்கும் எண்ணெய் தள்ளப்படும். அது குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் போய் அங்கே இருக்கும் கட்டைகளை விரித்துச் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். இந்தக் காலத்து வண்டிகளில் காலுக்குத் துணையாகப் பூஸ்டர் என்று ஒரு சட்டி இருக்கும். எஞ்சின் அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்ளும், அந்த இழுப்பு நம் மிதிக்கு மேல் ஒரு மிதி போடும். எல்லா வண்டியிலும் அந்தச் சட்டி தகரச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். என் வண்டியில் அந்தச் சுவர் முழுக்க எஞ்சின் முதுகு.

"பூஸ்டருக்கு எடமே இல்ல சிஸ்டர். ஒண்ணு பண்ணலாம். சிலிண்டர பெருசா மாத்திடுவோம்," என்றார்.

"பெருசா போடுங்க. லாரிது கிடைச்சாலும் போடுங்க," என்றேன் நானும்.

எங்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் அப்படி. மண் வெட்டுகிற மெஷினே மாடி வீடு உயரத்துக்கு மேல் நிற்கும். அந்த மண்ணைச் சுமக்கிற பெல்ட் ஊர் விட்டு ஊர் ஓடும். எதற்காவது வலு போதவில்லை என்றால் பெரிசாகப் போடு என்பதுதான் இங்கே வேதம். மிக்ஸி சரியாக அரைக்காவிட்டால் பெரிய மோட்டார் போட்ட மிக்ஸி வாங்குவோம், பிளேடு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க மாட்டோம். அந்தப் புத்தியில்தான் அவரும் பேசினார், நானும் தலையாட்டினேன். எங்கிருந்தோ ஒரு தடியான சிலிண்டரைக் கொண்டுவந்து, அடியில் வெட்டி ஒட்டி மாட்டினார். பார்க்கவே கம்பீரமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஷெட் வாசலில் எடுத்தேன். மெல்லத்தான் போனேன். பிரேக்கை மிதித்தேன். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. மிதி அசையவே இல்லை. கையை வைத்து அழுத்தினேன், அப்போதும் அசையவில்லை. ஜீப் அலட்டிக்கொள்ளாமல் போய், ஷெட்டுக்கு வெளியே அடுக்கியிருந்த பழைய டயர்களில் மோதி, டயரெல்லாம் உருண்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து ஓடினார்கள். முன்னைவிட மோசம். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "இன்னும் பெருசு போட்டுப் பாக்கலாமா சிஸ்டர்?" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு எனக்கு மதியம் டூட்டி. மனசெல்லாம் ஜீப்பில். இவ்வளவு பெரிய சிலிண்டர் போட்டும் ஏன் நிற்கவில்லை? வார்டில் ஒரு பெரியவருக்கு மூக்கு வழியாக உணவு போகும் டியூப் அடைத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் சின்ன சிரிஞ்சை எடுத்து அதைத் தள்ளப் போனாள். "சின்னது போடாத! பெருச எடு. சின்ன சிரிஞ்சுல பிரஷர் ஜாஸ்தி, டியூப் கிழிஞ்சுடும்," என்று வாய் தானாகச் சொன்னது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வருகிற ஒவ்வொருத்தியிடமும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். சின்ன சிரிஞ்சில் பிரஷர் அதிகம். அடிப் பாவி! பத்து விரலும் சிரிஞ்சிலேயே தேய்ந்தவள் நான். லாரி சிலிண்டர் கேட்டேனே! என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் பயந்து போய் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் பெரிய சிரிஞ்ச் ஒன்றும் சின்ன சிரிஞ்ச் ஒன்றும் வாங்கிக்கொண்டு, ஒரு துண்டு குளுக்கோஸ் டியூபோடு ஷெட்டுக்குப் போனேன். "சின்ன சிலிண்டர் போடணும்," என்றேன்.

மெக்கானிக் சிரித்தார். "சிஸ்டர், பெருசே நிக்கல. சின்னது போட்டா யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரிதான்."

"கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. இத புடிங்க மொதல்ல."

இரண்டு சிரிஞ்சிலும் தண்ணீர் நிரப்பி நடுவே டியூபை மாட்டினேன். பெரிசை அவர் கையில் கொடுத்தேன். பின்பக்கம் வெளியே வராமல் கட்டை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். நான் சின்னதைச் சுண்டு விரலால் தள்ளினேன். இரும்பு பிடித்துக் காய்த்துப்போன அவருடைய கட்டை விரல் மெல்ல மெல்ல மேலே வந்தது. அவர் பல்லைக் கடித்தார். அப்போதும் வந்தது. மாற்றிப் பிடித்தோம். அவர் பெரிசைத் தள்ளினார், நான் சின்னதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டீ குடித்தேன். அவர் முகம் சிவந்ததே தவிர, சிரிஞ்ச் அசையவில்லை.

"உங்க கட்டை விரல் இப்ப பட்ட பாடுதான் நேத்து என் கால் பட்ட பாடு," என்றேன்.

அவர் சிரிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்று கேட்டார், அது நல்ல கேள்வி. "சரி சிஸ்டர், ஒத்துக்கறேன். ஆனா சின்னத எவ்ளோ தூரம் தள்ளனீங்க? முழுசா உள்ள போயிடுச்சு, பெருசு கொஞ்சம்தான் நவுந்துது. வண்டியில அப்படிப் பண்ணா பெடல் தரையில போய் முட்டிகினு நிக்கும். அதுக்கு மேல மிதிக்க எடம் ஏது?"

அது எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் பழைய அளவைவிட ஒரே ஒரு நூல் குறைவான சிலிண்டர் போடுவது, சக்கரக் கட்டைகளைத் தேய்ந்த அளவுக்கு நெருக்கி வைத்து மிதி ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். மீதி வலுவுக்குப் பூஸ்டர் வேண்டும். அதற்குத்தான் இடம் இல்லை.

"செவுத்துல எடம் இல்லன்னா வேற எங்கயாவது வெக்க முடியாதா?" என்றேன்.

முடியும் என்றார். மிதியோடு ஒட்டாமல், குழாய்க்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் மாட்டுகிற பழைய பூஸ்டர் ஒன்று இருக்கிறது, உடைத்துப் போட்ட வேனில் பார்த்திருக்கிறேன் என்றார். என் பெரிய எஞ்சினில் காற்றை உறிஞ்சுகிற சின்னப் பம்பும் ஏற்கெனவே இருந்தது. எஞ்சினை ஏற்றியவன் அதன் வாயில் ஒரு போல்ட்டை அடித்து மூடி வைத்திருந்தான். எத்தனை வருஷமாக வாயடைத்துக் கிடந்ததோ! ஆக இடம் ஒன்றுதான் பாக்கி. முன்மூடிக்குள் பேட்டரி. அடியில் சைலன்ஸர் குழாய், அந்தச் சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்துவிடும். என் சீட்டுக்கு அடியில் டீசல் டேங்க். இடது சீட்டுக்கு அடியில் மட்டும் ஸ்பானர் போட்டு வைக்கும் தகரப் பெட்டி இருந்தது.

"அங்க சார் உக்காருவாரே சிஸ்டர்?"

"சார் மேலதான உக்காருவாரு? அடியில அவருக்கு என்ன வேல?"

வேலை ஆரம்பித்தது. தகரப் பெட்டி வெளியே வந்தது, பூஸ்டர் உள்ளே போனது. ஒரு விரல்கடை உயரம் இடித்தது. சீட்டை உயர்த்தலாம் என்றார், பூஸ்டரைச் சாய்த்துப் படுக்க வையுங்கள் என்றேன். சாய்த்தால் எண்ணெயில் காற்று தங்கும் என்று சண்டை போட்டார், அவர் சொன்னதுதான் சரி. கடைசியில் சீட்டுதான் உயர்ந்தது. புதிய குழாய்கள் இழுத்து, சக்கரம் சக்கரமாகக் காற்றை வெளியேற்றி முடித்தபோது விற்பனை ஞாயிறு நெருங்கியிருந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் எடுத்தேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். பிரேக்கில் காலை வைத்தேன். பழக்க தோஷம், வலது கை தானாக முழங்காலுக்கு வந்தது. "போ அந்தப் பக்கம்!" என்று கையைத் திட்டினேன். திரும்ப ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டு, காலால் மட்டும் மிதித்தேன். பக்கத்துச் சீட்டுக்கு அடியில் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நாலு சக்கரமும் மண்ணைக் கடித்துக்கொண்டு நின்றன. தூசி அடங்குகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். உடைந்த கால். பிளேட் வைத்த கால். எல்லோரும் கைவிட்ட கால். அந்தக் கால் தனியாக மிதித்து அந்த முரட்டு வண்டி நின்றது. அன்றைக்குத்தான் அந்த ஜீப்பில் உட்கார்ந்து முதல்முறையாக அழுதேன். தம்பிக்கு இது தெரிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது தம்பி அந்த விருத்தாசலத்துக்காரரோடு வாசலில் நின்றான். ஜீப் கண்ணாடி மாற்றிக் கழுவித் துடைத்து நின்றது. வந்தவர் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். "ஓட்டிப் பாக்கலாமா?" என்றார். தம்பி என் வீட்டுக்காரரிடம், "மாமா, சாவி," என்றான்.

"நான் ஓட்டுறேன்," என்றேன்.

"அக்கா, வம்பு பண்ணிகினு நிக்காத. அவுரு ஓட்டிப் பாக்கட்டும்."

"வண்டி யாரு பேர்ல இருக்கு? நான் ஓட்டுறேன். கைய எடுக்காம, ஒரே மிதியில நிறுத்துறேன். நிக்கலன்னா அவரு இப்பவே ஓட்டிக்கிட்டுப் போகட்டும், நான் வாயே திறக்க மாட்டேன்."

தம்பி மாமனைப் பார்த்தான். மாமன் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து வந்தார். என்னிடம் கொடுத்துவிட்டு, இடது சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "நீங்க இறங்குங்க, பயந்துக்குவீங்க," என்றேன். "ஓட்டு," என்றார். தம்பியும் வந்தவரும் பின்னால் ஏறினார்கள்.

எங்கள் பிளாக்கைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மரம் நிற்கிற நேர் ரோடு. கடைசியில் ஸ்பீட் பிரேக்கர், அதற்கு முன்னால் வெள்ளைக் கோடு. அங்கேதான் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தேன். வேகம் எடுத்தேன். தம்பி பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகினான். கோடு இன்னும் தூரத்தில் இருந்தபோது, புதருக்குப் பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல், ஒரு மாடு ரோட்டில் ஏறியது.

"ஏ புள்ள!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தன. காலால் மட்டும் மிதித்தேன். அவருக்கு அடியில் "ஸ்ஸ்ஸ்" என்றது. ஜீப் நின்றது. மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். மாடு திரும்பி என்னைப் பார்த்தது. பழைய மாடா, அதன் உறவா, தெரியாது. "போடி," என்றேன். போயிற்று.

"சீட்டுக்கடியில பாம்பு!" என்று என் வீட்டுக்காரர் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார்.

"பாம்பு இல்லீங்க, பூஸ்டர். நீங்க உக்காந்திருக்கறதுக்கு அடியிலதான் இருக்கு. இனிமே உங்க கால் மிதிக்க வேணாம், அது மிதிக்கும்."

விருத்தாசலத்துக்காரர் பின்னாலிருந்து குதித்து இறங்கி, அடியில் குனிந்து பார்த்து, குழாயைத் தொட்டுப் பார்த்தார். "இந்த எஞ்சினுக்கு இந்த பிரேக்கா! நான் சொன்னதுக்கு மேல போட்டுத் தரேன்மா, இப்பவே எடுத்துக்கறேன்," என்றார். விற்காமல் இருக்கத்தானே நிறுத்தினேன்? "விக்கிறதுக்கு இல்லீங்க," என்றேன். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆள வூட்டுக்குக் கூட்டிகினு வந்து நிக்க வெச்சி அசிங்கப்படுத்தறியாக்கா? மாமா, நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தைய நம்பித்தான அவரு வந்தாரு?"

என் வீட்டுக்காரர் மெல்லக் காலை இறக்கி வைத்தார். "நின்னுச்சுல்ல?" என்றார் தம்பியிடம்.

"நின்னுச்சு மாமா, ஆனா..."

"அவ கை எங்க இருந்துச்சு?"

வந்தவர்தான் சொன்னார், "ரெண்டும் ஸ்டீரிங்லதாங்க இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு விக்கணும்?" என்றார் என் வீட்டுக்காரர். வந்தவருக்குக் காபியும் பலகாரமும் கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினோம். தம்பி மட்டும் காபி வேண்டாம் என்று போய்விட்டான். அடுத்த வாரம் மீன் வறுத்தால் வருவான், எனக்குத் தெரியும்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். மறுபடியும் படத்துக்குப் பின்னாலா? பின்னாலேயே போனேன், ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனேன். அவர் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் கரும்பு உன் காதுகிட்ட வந்து நின்னுச்சே, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல," என்றார். "நான் சாவியவா அங்க வெச்சேன்? உன்னத்தான் வெச்சேன்."

சண்டை போட மனசு வரவில்லை, அப்படியே விட்டுக்கொடுக்கவும் எனக்கு வராது. அந்தப் படத்தைப் பார்த்தேன். முன்பு என் எக்ஸ்ரே மறைத்திருந்த இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் சுவர் வண்ணம் வெளுக்காமல் இருந்தது.

"அங்க எனக்கு எடம் பத்தாதுங்க," என்றேன்.

அவர் சாவியை என் கையில் வைத்தார்.